முதலில் மூச்சை எண்ணுங்கள்

ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது காலத்தைப் பற்றித்தான். எத்தனை மாதம், எத்தனை வருடம், முடித்தால் என்ன சான்றிதழ்? அடுத்து, கருவிகள். அந்தப் பயிற்சி நிலையத்தில் நோயாளியாக வைத்துப் பழகும் பொம்மைக்கு வியர்க்குமாம், கண் சிமிட்டுமாம், அப்படியென்றால் நல்ல இடம்தானே? உண்மையான நோயாளிகளிடம் எவ்வளவு நேரம் அனுப்புவார்கள், அப்போது பக்கத்தில் நிற்கப் போகிறவர் யார் என்று கேட்கிறவர்கள் அபூர்வம். பல வருடம் வண்டியில் ஓடிவிட்டு இப்போது கற்றுக்கொடுக்கும் பக்கம் வந்திருக்கிறேன். கேட்க வேண்டியது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

காலக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அதற்கு ஒரே பதில் கிடையாது. அமெரிக்காவில் இஎம்டி எனப்படும் அடிப்படை நிலைக்குச் சுமார் 150 முதல் 200 மணி நேரப் பயிற்சி. அதற்கு மேல், வண்டியிலேயே உயர்நிலைச் சிகிச்சை தரும் பாராமெடிக் ஆக வேண்டுமென்றால் 1,200 முதல் 1,800 மணி நேரம் வரை ஆகும். ஜெர்மனியில் 2014-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மூன்று வருடத் தொழிற்படிப்பு. பிரிட்டனில் 2021 முதல் பாராமெடிக்காகப் புதிதாகப் பதிவு செய்யப் பட்டப்படிப்பு வேண்டும். ஆஸ்திரேலியா 2018-இல் பாராமெடிக்குகளையும் மருத்துவர், செவிலியர் போலத் தேசியப் பதிவு முறைக்குள் கொண்டுவந்தது. பிரான்ஸில் உயிருக்கு ஆபத்தான அழைப்பு என்றால் மருத்துவரே வண்டியில் ஏறி வருகிறார்.

எல்லோரும் ஓடுவது அதே மாதிரி நோயாளிகளை நோக்கித்தான். பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதா, மருத்துவமனையில் ஒரு பகுதியை நோயாளியிடம் கொண்டுபோவதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு விடை வைத்திருக்கிறது. விடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்பப் பாடத்திட்டம் நீளும், குறுகும். நீங்கள் சேரப்போகும் படிப்பின் நீளத்தைப் பார்க்கும்போது, அதை முடித்தபின் வண்டிக்குள் எதையெல்லாம் செய்ய உங்களுக்கு அனுமதி உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று வருடம் படித்துவிட்டு ஒரு ஊசி போடவும் தொலைபேசியில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய இடங்களும் உண்டு.

இந்த வேலைக்குப் படிப்பு என்ற ஒன்று வந்ததே வெகு தாமதமாகத்தான். அடிபட்ட சிப்பாய்களைப் போர்க்களத்திலிருந்தே தூக்கிச் செல்லக் குதிரை வண்டிகளை நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே 1790-களில் ஏற்பாடு செய்தார். அதிலிருந்து ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, 1966-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் பாதியை நடத்திக்கொண்டிருந்தவர்கள் இறுதிச் சடங்கு நிறுவனத்தார் என்று அது சொன்னது. காரணம் எளியது. ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் வருமானம் என்று அந்தக் காலத்தில் எவராவது முணுமுணுக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1967-இல், பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலின் உண்மையான பிறப்பு. வாய்வழி செயற்கைச் சுவாசத்தை ஆராய்ந்து நிலைநாட்டியவர்களில் ஒருவரான பீட்டர் சாஃபர் என்ற மயக்க மருந்து நிபுணர் அங்கே பணியாற்றினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் தம் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்தார். அவர் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவர்கள் நகரின் ஹில் மாவட்டத்தைச் சேர்ந்த, வேலை கிடைக்காத கறுப்பின இளைஞர்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை என்று அதற்குப் பெயர். சுமார் 300 மணி நேரப் பாடம்: உடற்கூறியல், உடலியங்கியல், இதய மீட்பு, வண்டி ஓட்டுதல். அதோடு மருத்துவமனைக்குள் நோயாளிகளுக்குப் பக்கத்தில் பயிற்சி. 1974-இல் மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலைன் அறையில் உட்கார்ந்து தாள் திருத்துகிறவராக இருக்கவில்லை. வண்டியிலேயே ஏறி அவர்களோடு அழைப்புகளுக்குப் போனார். அங்கேயே பார்த்தார், அங்கேயே திருத்தினார். பின்னாளில் அவர் எழுதிய பாடநூல் அமெரிக்காவெங்கும் பாராமெடிக் வகுப்புகளில் பயன்பட்டது.

1975-இல் நகர நிர்வாகம் சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவை தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடவைத்தது. அங்கே பணியாற்றியவர்களில் பலர் புதிய அமைப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டார்கள். அநியாயம்தான். ஆனாலும் அவர்கள் நிரூபித்துவிட்டுப் போனதை யாராலும் மூட முடியவில்லை. பட்டமில்லாத ஒருவரைக்கூட, சரியான ஆசிரியர் பக்கத்தில் நின்றால், நல்ல மருத்துவப் பணியாளராக ஆக்க முடியும். அந்தப் ‘பக்கத்தில்’ என்பதை மட்டும் பல பயிற்சி நிலையங்கள் வசதியாக மறந்துவிட்டன.

வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பது, மார்பை அழுத்துவது, மின்னதிர்ச்சி கொடுப்பது, தொண்டையில் குழாய் செருகுவது. இவையெல்லாம் உண்டு. இதய மீட்புப் பயிற்சிக்குப் பொம்மை அருமையான ஆசான், அதில் சந்தேகமே இல்லை. 1960-இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மன்ட் லேர்டல் உருவாக்கிய அந்தப் பெண் பொம்மையின் முகம், பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் முக அச்சு. அன்றிலிருந்து இன்றுவரை லட்சோபலட்சம் பேர் அந்த மார்பை அழுத்திப் பழகியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழும்ப வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். சோர்வு உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறையத் தொடங்கிவிடும். இதற்கு வியர்க்கிற பொம்மை தேவையில்லை, ஆழத்தையும் வேகத்தையும் காட்டுகிற சாதாரணப் பொம்மை போதும். சில மாதம் பழகாமல் விட்டால் கை மறந்துவிடும் என்பதால் அடிக்கடி பழக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பொம்மையிடம் கற்றுக்கொள்ள முடியாதது வேறு. என் வகுப்பில் ஒவ்வொரு முறையும் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். மாணவர்களை ஒருவருக்கொருவர் நோயாளியாக வைத்து, முக்கிய அறிகுறிகளைக் குறித்துத் தரச் சொல்வேன். ரத்த அழுத்தத்தைக் கருவி சொல்லிவிடும். நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் விரலில் மாட்டும் சிறு பெட்டி காட்டிவிடும். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் மட்டும் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் 16 அல்லது 18 என்று இருக்கும். அறையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே சீராக மூச்சு விடுகிறார்கள் போலிருக்கிறது!

“எண்ணினீர்களா?”

“பார்த்தால் சாதாரணமாகத்தான் இருந்தது, சார்.”

எண்ணவில்லை. அனுபவசாலிகளும் இதைத்தான் செய்கிறார்கள். மூச்சை எண்ணும் கருவி சட்டென்று கைக்கு வராது. முப்பது விநாடி ஒருவருடைய வயிற்றையோ மார்பையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூச்சம். அதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணி முடியுங்கள். முடிந்த பிறகும் விரலை எடுக்காதீர்கள். நாடி பார்ப்பதாகவே நோயாளி நினைத்துக்கொண்டிருக்கட்டும். உங்கள் கண் மட்டும் அவருடைய சட்டைப் பொத்தானுக்குப் போகட்டும். பொத்தான் ஏறி இறங்குவதை முப்பது விநாடி எண்ணுங்கள். சீராக இல்லையென்றால் முழு நிமிடம். மூச்சை எண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டால் அவர் மூச்சு மாறிவிடும், ஏனென்றால் அது அவர் விருப்பத்துக்கும் கட்டுப்பட்டது.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ஒருவர் 28 முறை மூச்சு வாங்குகிறார், விரலில் மாட்டிய கருவி 98 சதவீதம் காட்டுகிறது என்று வையுங்கள். கருவியைப் பார்த்தவர் நிம்மதியடைவார். எண்ணியவர் கவலைப்படுவார். அந்த 98-ஐத் தக்கவைக்க உடல் எவ்வளவு உழைக்கிறது என்பது மூச்சில்தான் தெரிகிறது. ரத்தத்தில் பரவிய தொற்று, நீரிழிவால் ரத்தத்தில் அமிலம் ஏறிய நிலை, நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு என்று பல ஆபத்துகள் ரத்த அழுத்தம் சரிவதற்கு வெகு முன்னாலேயே மூச்சில் தலைகாட்டிவிடும். தவிரவும் அந்த விரல் கருவி, கை சில்லிட்டிருந்தால் தடுமாறும். புகையில் சிக்கியவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் கூசாமல் நல்ல எண்ணைக் காட்டும்.

பார்ப்பதற்கு அடுத்தது கேட்பது. “நெஞ்சு வலிக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்று பதில் வரும், மாணவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். சோர்வு, குமட்டல், தாடையில் ஒரு கனம், மூச்சிரைப்பு என்றுதான் சொல்வார்கள். “உடம்புக்கு என்ன செய்கிறது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்குவது இருபது வயதுக்காரர்களுக்குச் சித்திரவதை. நாலு விநாடியில் அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அறையும் பேசும். படுக்கையில் தலையணை எத்தனை? மூன்று அடுக்கி வைத்திருந்தால், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பொருள், இதயம் தளர்ந்திருக்கலாம். மேசையில் இருக்கும் மாத்திரைப் பட்டையில் எத்தனை நாளுக்கானது அப்படியே கிடக்கிறது? உளறுகிறவர், கையை வீசுகிறவர், குடித்தவர் போல் தெரிகிறவர் யாராயிருந்தாலும் முதலில் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை தாழ்ந்தவர் பக்கவாதம் வந்தவர் போலவே தெரிவார், சில நேரம் சண்டைக்கும் வருவார். குடிகாரர் என்று முத்திரை குத்திவிட்டால் அவர் கதை அதோடு முடிந்தது.

கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் படிப்பில் பலர் தடுக்கி விழுவது உடற்கூறியலில் என்று நினைப்பார்கள், எனக்குத் தெரிந்து தசமப் புள்ளியில்தான். 18 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கடும் ஒவ்வாமை. தொடைத் தசையில் அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஆக 0.18 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கும் மருந்தென்றால் 0.18 மில்லிலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே அலமாரியில் அதே பெயரோடு பத்து மடங்கு நீர்த்த மருந்தும் இருக்கும், இதயம் நின்றவர்களுக்கு ரத்தநாளத்தில் ஏற்ற. குப்பி மாறினாலோ புள்ளி நகர்ந்தாலோ பத்து மடங்கு குறையும், அல்லது பத்து மடங்கு கூடும்.

தாளில் இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுவிடுவார்கள். அதனால் நான் அவர்களை மூன்று மாடி ஏறி இறங்கச் செய்துவிட்டு, மூச்சிரைக்க நிற்கும்போது குப்பியைக் கையில் கொடுப்பேன். இன்னொரு மாணவர் தாயாக நடித்துக் காதருகே கத்துவார். அப்போது குப்பியிலிருக்கும் எழுத்தை உரக்கப் படித்து, அளவைச் சொல்லி, கூட இருப்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே ஊசி போக வேண்டும். முதல் வாரம் இதை நாடகம் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாக்குக்குப் பழகிவிட்டால் தலை கலங்கினாலும் நாக்கு தன் வேலையைச் செய்யும்.

இவ்வளவும் வகுப்பறையின் எல்லை. இதற்கு மேல் உள்ளது வண்டியில்.

நல்ல படிப்புகளில் களப்பயிற்சி மூன்று கட்டமாகப் போகும். முதலில் ஓரமாக நின்று பார்ப்பது. பிறகு சொன்னதைச் செய்வது. கடைசியில் முழு அழைப்பையும் மாணவரே நடத்துவது. கதவைத் தட்டுவதிலிருந்து மருத்துவமனையில் ஒப்படைக்கும்வரை முடிவுகள் அவருடையவை, பயிற்றுநர் பின்னால் நிற்பார். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பாராமெடிக் படிப்புகளில் இப்படிக் குழுத் தலைமை ஏற்று நடத்திய அழைப்புகளைப் பதிவேட்டில் காட்டியாக வேண்டும். வெறும் மணிக்கணக்கு செல்லாது. அதுதான் சரி. பன்னிரண்டு மணி நேரப் பணியில் ஒரு நோயாளியும் வராமல் போகலாம். அந்த மணிகளும் பதிவேட்டில் அழகாக ஏறிவிடும்.

நல்ல களப்பயிற்றுநரை எப்படி அடையாளம் காண்பது? அவர் கை அவர் சட்டைப் பைக்குள் இருக்கும். ஆபத்து நெருங்கும்வரை வெளியே வராது. மாணவர் தடுமாறும்போது பிடுங்கிச் செய்துவிடுவது எளிது, சும்மா நிற்பதுதான் கடினம். அவர் உண்மையில் கற்றுக்கொடுப்பது நோயாளியை ஒப்படைத்த பிறகு, ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில். “உள்ளே நுழைந்ததும் என்ன நினைத்தீர்கள்? எப்போது அந்த எண்ணம் மாறியது? எதைப் பார்த்து?” இந்த மூன்றையும் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் கேட்கிறவர் கிடைத்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொரு ரகம் உண்டு. “வகுப்பில் படித்ததையெல்லாம் மறந்துவிடு தம்பி, இங்கே வேலை வேறு மாதிரி” என்று முதல் நாளே சொல்கிறவர். இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கும். வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி, ஏன் என்று சொல்லத் தெரிந்தவர் அப்படிப் பேச மாட்டார். மாணவர்களை ஒரு சேவை நிலையத்துக்கு அனுப்பியிருந்தபோது, அவர்களைத் தரை துடைக்கவும் ஆக்சிஜன் சிலிண்டர் சுமக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, மாத முடிவில் ‘சிறப்பாகச் செயல்பட்டார்’ என்று கையெழுத்திட்டு அனுப்பினார்கள். வண்டியைச் சுத்தம் செய்வதும் வேலைதான், யாருக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அதற்குக் களப்பயிற்சி என்று பெயர் சூட்டக்கூடாது.

ஆகவே ஒரு நிலையத்தில் சேரும் முன் அங்கே முடித்தவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எத்தனை அழைப்புகளை அவரே நடத்தினார், ஒரே பயிற்றுநர் தொடர்ந்து உடனிருந்தாரா, தினம் ஒருவர் மாறினாரா, உயிருள்ள மனிதருக்கு மூச்சுக்குழாய் வைக்க அறுவை அரங்கில் வாய்ப்புக் கிடைத்ததா, பிரசவம் பார்த்தாரா, குழந்தைகள் பிரிவுக்குப் போனாரா என்று கேளுங்கள். வரவேற்பறையில் தரும் பளபளப்பான கையேட்டில் இவை இருக்காது.

உடலைப் பற்றியும் வண்டி ஓட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் தொழிலிலிருந்து பலரை வீட்டுக்கு அனுப்புவது முதுகு. குறுகலான படிக்கட்டில் கனமான ஒருவரை இறக்குவதற்கு முறை உண்டு, அதற்கென்றே சக்கர நாற்காலி உண்டு, யார் எண்ணிக்கை சொல்வது என்ற ஒழுங்கும் உண்டு. சில வகுப்புகளில் இதற்கு அரை நாள்கூட ஒதுக்குவதில்லை. சைரன் போட்டுப் பறப்பதில் மிச்சமாகும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களே. ஆபத்தோ முழுவதும் சாலைச் சந்திப்புகளில் குவிந்திருக்கிறது. வேகமாக ஓட்டுவேன் என்று பெருமை பேசும் மாணவரை நான் பின்னிருக்கையில் ஸ்ட்ரெச்சரில் கட்டிப் படுக்க வைத்து ஒரு சுற்று அழைத்துப் போவேன். இறங்கும்போது பேச்சு குறைந்திருக்கும்.

இறப்பைச் சொல்லும் பயிற்சி இப்போது பல பாடத்திட்டங்களில் வந்துவிட்டது. காலம் தாழ்ந்தாலும் நல்லது. சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஓடாமல் நிற்க வேண்டும். இதை நடித்துப் பழகும்போது வகுப்பில் அழுதுவிடுகிறவர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதுவும் உறைக்காமல் நிற்கிறவரைப் பார்த்தால்தான் எனக்குக் கலக்கமாக இருக்கும்.

படிப்பு முடிந்தபிறகும் பாடம் மாறிக்கொண்டே இருக்கும். நான் பயின்ற காலத்தில், விபத்தில் சிக்கியவர் எழுந்து நடந்து வந்தாலும் பிடித்து நீளப் பலகையில் கட்டிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அதனால் பயன் இருப்பதற்குச் சான்று மிகக் குறைவு, வலியும் படுக்கைப் புண்ணும்தான் மிச்சம் என்று பிறகு தெரிந்தது. இன்று பல நாடுகளில் அந்தப் பலகை, சிக்கியவரை வெளியே எடுக்க மட்டும். ரத்தப்போக்கை நிறுத்தக் கையிலோ காலிலோ இறுக்கும் டூர்னிகேயை வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடு என்றார்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவம் அதைத் தலைகீழாக்கியது. பீறிட்டு ஓடும் ரத்தத்துக்கு இப்போது அதுவே முதல் கருவிகளில் ஒன்று.

அட்ரினலின் கதை இன்னும் சங்கடமானது. இதயம் நின்றவர்களுக்கு அதைக் கொடுப்பது பல பத்தாண்டுகளாக வழக்கம். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 3.2 சதவீதமும் வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 2.4 சதவீதமும் முப்பது நாள் கடந்து உயிரோடு இருந்தார்கள். மூளை நல்ல நிலையில் மீண்டவர்கள் எண்ணிக்கையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கனடாவின் ஆன்டாரியோவில் நடந்து 2004-இல் வெளியான பெரிய ஆய்வும், விரைவாக மின்னதிர்ச்சி தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கும் இடத்தில் உயர்நிலைச் சிகிச்சைகளைச் சேர்ப்பதால் இதயம் நின்றவர்கள் பிழைக்கும் வீதம் கூடவில்லை என்றது. எளிய வேலைகளைத் தாமதமில்லாமல் செய்வதற்கு ஈடாக எதுவும் இன்னும் வரவில்லை. இதைக் கேட்டால் பாராமெடிக் மாணவர்கள் முகம் வாடிவிடும். 1,500 மணி நேரம் படித்ததெல்லாம் எதற்கு என்பார்கள். இதயம் நின்றவர்கள் உங்கள் அழைப்புகளில் மிகச் சிறிய பங்கு. மூச்சுத் திணறுகிறவர், வலிப்பு நிற்காதவர், மார்பு கனக்கிறவர், சர்க்கரை தாழ்ந்தவர் ஆகியோரிடம்தான் அந்தப் படிப்பு வேலை செய்கிறது.

இதனால்தான் சான்றிதழுக்குக் காலாவதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க அவசர மருத்துவப் பணியாளர்களின் தேசியப் பதிவேடு தரும் சான்றை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தொடர்கல்வி கணக்குக் காட்டியோ தேர்வெழுதியோ, புதுப்பிக்க வேண்டும். பலர் இதை வரி கட்டுவது போல முனகிக்கொண்டே செய்கிறார்கள். கணினி முன் உட்கார்ந்து பக்கங்களைத் தட்டித் தள்ளி மணிக்கணக்கைச் சேர்த்துவிடலாம் என்பதும் உண்மைதான்.

ஏணி எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு: தீவிர சிகிச்சை நோயாளிகளை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பணி, ஹெலிகாப்டர் சேவை, கட்டுப்பாட்டு அறை, வீடு தேடிப்போய் நாள்பட்ட நோயாளிகளைக் கவனிக்கும் சமூகப் பாராமெடிக் பணி, ஆசிரியப் பணி. கட்டுப்பாட்டு அறையை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது புரிவதில்லை. இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சியும் மார்பழுத்தமும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் சரிகிறது. வண்டி போய்ச் சேரும்வரை, பதறிக்கொண்டிருக்கும் மகனிடமோ மனைவியிடமோ தொலைபேசியில் பேசி மார்பை அழுத்த வைப்பவர் அந்த அறையில்தான் இருக்கிறார். தனியாகப் படிக்க வேண்டிய கலை அது.

கடைசியாக ஒரு குறை, எல்லா நாட்டிலும் பொதுவானது. ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவருக்குத் தன் ஊகம் சரியா தவறா என்பது பெரும்பாலும் தெரிய வருவதே இல்லை. நோயாளியை ஒப்படைப்பார், கதவு மூடும், அடுத்த அழைப்பு வந்துவிடும். அந்த நோயாளிக்கு வந்தது மாரடைப்புதானா, நுரையீரல் அடைப்பா, வெறும் அமிலத் தொல்லையா? யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். விடை தெரியாமல் ஆயிரம் கணக்குப் போட்டாலும் கணக்கு வராது. அதனால் இருபது வருட அனுபவம் என்பது சிலருக்கு முதல் வருடத்தின் பழக்கம் இருபது முறை திரும்புவது மட்டுமே. நோயாளிகளின் இறுதி முடிவைப் பணியாளர்களுக்குத் திருப்பித் தெரிவிக்கும் ஏற்பாடு சில சேவைகளில் இருக்கிறது. அப்படியொரு சேவையில் வேலை கிடைத்தால் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் முதல் ஓரிரு வருடத்துக்கு அங்கேயே சேருங்கள் என்பேன்.

அப்படி ஏற்பாடு இல்லாத இடமென்றால் ஒரு சிறு குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததும், இவருக்கு இன்னதுதான் என்று நான் நினைக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாமல் விட்டால் மறுநாள் உண்மை தெரிந்ததும், நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று மனம் சாதிக்கும். அடுத்த முறை அதே அவசரப் பிரிவுக்குப் போகும்போது, விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு, அங்கிருக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பரபரப்பு இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் விருப்பத்தோடு சொல்வார்கள், ஸ்கேன் படத்தைக்கூடக் காட்டுவார்கள். பெயர், முகவரி எதையும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். வயது, பார்த்த அறிகுறி, உங்கள் ஊகம், பிறகு தெரிந்த நோய் ஆகிய நான்கு போதும்.